57 அடி நீளம், ஐந்து பேர், ஒரே அடுப்பு

கிறிஸ்துமஸ் லீவுக்கு எங்கே போனீர்கள் என்று கேட்டவர்களிடம் "படகில் இருந்தோம்" என்றால் எல்லோருக்கும் உடனே ஆலப்புழைதான் ஞாபகம் வருகிறது. கரிமீன் வறுவல், தென்னந்தோப்பு, மேல்தட்டில் சாய்வு நாற்காலி. அதெல்லாம் இல்லைங்க. நாங்கள் இருந்தது இங்கிலாந்தின் நடுவில், மில்டன் கீன்ஸ் ஓரத்தில் காஸ்குரோவ் என்ற ஊர்ப்பக்கம், கிராண்ட் யூனியன் கால்வாயில். நாலு மணிக்கே இருட்டிவிடும். ராத்திரியில் குழாய்த் தண்ணீர் உறைகிற குளிர். இருந்தது ஒரே ஒரு கரி அடுப்பு. அதை நம்பி நான், வீட்டுக்காரர், பதிமூன்று வயது மகன், எட்டு வயது மகள், மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்திருந்த என் மாமியார்.

"உங்களுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?" என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்கு ஒரு வரியில் பதில் இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளப் பதிவு.

வீட்டுக்காரரோடு வேலை பார்க்கும் ஒருவர் பல வருஷமாகப் படகிலேயே குடியிருக்கிறார். அவருடைய மகளுக்குப் பிரசவம், ஆஸ்திரேலியா போக வேண்டும். இந்த ஊர்க் குளிரில் படகைப் பூட்டிவிட்டுப் போவது லேசில்லை. குழாய், ஹீட்டர், பம்ப் எல்லாவற்றிலிருந்தும் தண்ணீரைச் சொட்டு விடாமல் வடித்துவிட வேண்டும். இல்லையென்றால் உறைந்து, விரிந்து, குழாய் வெடிக்கும். யாராவது உள்ளே இருந்து அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் அந்தத் தொல்லை கிடையாது. "நீங்கதான் படகுன்னா உயிரை விடுவீங்களே, வந்து இருங்களேன்" என்றார். உண்மைதான். அந்த வருஷம் இலையுதிர்காலம் பூராவும் சனி ஞாயிறு ஆனால் என் வீட்டுக்காரர் அங்கேதான் கிடந்தார், சுக்கான் பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

நான் சரி என்று சொன்னதற்குக் காரணம் வேறு. அத்தை, அதாவது என் மாமியார், அக்டோபரில் வந்ததிலிருந்தே முகம் வாடிக்கிடந்தார். ஊரில் விடிகாலையில் எழுந்து வாசல் தெளிப்பதில் தொடங்கி, மாட்டுக்குத் தண்ணி காட்டி, பொழுது சாய்கிறவரை நிற்காத உடம்பு. இங்கே அடுப்பு என்பது தொட்டால் பீப் என்று கத்துகிற கண்ணாடிப் பலகை. பாத்திரத்தை மெஷின் கழுவுகிறது. சூட்டைக் கூட்டிக் குறைப்பது மகனுடைய போனில் இருக்கிறது. எதையாவது எடுக்கப் போனால் நான் ஓடிவந்து "நீங்க உக்காருங்க அத்தை" என்பேன். மரியாதைக்குத்தான் சொன்னேன். ஆனால் நாள் முழுக்க ஒரு மனுஷியை உட்காரச் சொல்லிக்கொண்டே இருந்தால் அவருக்கு எப்படி இருக்கும்? படகிலாவது ஜன்னல் வழியே வாத்து பார்க்கலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் திட்டம்.

இந்தப் படகுகளுக்கு நேரோபோட் என்று பெயர். பெயருக்கேற்ற ஒடிசல்: அகலம் 6 அடி 10 அங்குலம். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நடுப்பகுதிக் கால்வாய்களில் கட்டிய லாக்குகள் (படகை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகள்) ஏழடிச் சொச்சம் அகலம்தான். அதற்குள் நுழைய வேண்டுமானால் படகும் அப்படித்தான் இருந்தாக வேண்டும். நாங்கள் இருந்த படகு 57 அடி நீளம். அந்த நீளமிருந்தால் நாட்டின் பெரும்பாலான கால்வாய்களில் தடையில்லாமல் போகலாமாம். உள்ளே போனால் ரயில் பெட்டிதான்: முன்னால் அடுப்பும் உட்காரும் இடமும், பிறகு சமையலறை, குளியலறை, பிள்ளைகளுக்கு மேலும் கீழுமாக இரண்டு படுக்கை, பின்கோடியில் எங்கள் அறை, அதற்கும் பின்னால் இன்ஜின். எதிரே ஒருவர் வந்தால் யாராவது ஒருவர் உட்கார வேண்டும், அல்லது சுவரோடு சுவராக ஒட்ட வேண்டும்.

போன அன்றே ஒன்று புரிந்துவிட்டது. வீட்டில் சுவருக்குப் பின்னால் தானாக நடக்கிற காரியமெல்லாம் இங்கே நம் கைவழியாகத்தான் நடக்கும்.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் பிடிப்பது சுமார் 500 லிட்டர். இந்த நாட்டில் ஒரு ஆள் ஒரு நாளைக்குச் செலவழிப்பது சுமார் 140 லிட்டர் என்பார்கள். அந்தக் கணக்குக்கு ஐந்து பேருக்கு ஒரு நாளே தாங்காது. தீர்ந்தால் தண்ணீர்க் குழாய் இருக்கிற துறைக்குப் படகை ஓட்டிப் போய், ஹோஸ் மாட்டி, நின்று நிரப்ப வேண்டும். அந்தக் குழாயே உறைந்துபோயிருந்தால் கெட்டிலில் வெந்நீர் கொண்டுபோய் ஊற்ற வேண்டும்.

கரண்ட் பேட்டரியிலிருந்து வருகிறது. கூரையில் சோலார் பலகை இருக்கிறது, ஆனால் டிசம்பர் சூரியன் எட்டு மணிக்கு மேல் வந்து நாலு மணிக்குள் போய்விடும், அதுவும் மேகம் விட்டால். அதனால் தினமும் இன்ஜினை ஓட விட்டுத்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும். கட்டிப்போட்டிருக்கும் படகில் இரவு எட்டு முதல் காலை எட்டு வரை இன்ஜின் ஓட்டக்கூடாது என்பது இங்கே விதி, பக்கத்துப் படகுக்காரர் தூங்க வேண்டுமே. இன்ஜின் ஓடாமல் மிக்ஸி போட்டால் பேட்டரி படுத்துவிடும். ஆகையால் எங்களுக்குச் சட்னி என்பது எட்டு மணிக்கு மேல் கிடைக்கிற பண்டம். மகள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தோசைத் தட்டோடு உட்கார்ந்திருப்பாள்.

கேஸ் சிலிண்டரிலும் ஒரு விஷயம். குளிர்காலத்தில் புரொப்பேன்தான் வாங்க வேண்டும். பியூட்டேன் பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்திலேயே வாயுவாகாமல் திரவமாகத் தங்கிவிடும், அடுப்பு எரியாது. புரொப்பேன் மைனஸ் 42 வரை வேலை செய்யும். இதை என் மகன் எங்களுக்கு வகுப்பெடுத்தான். பள்ளியில் கெமிஸ்ட்ரி என்றால் காததூரம் ஓடுகிறவன்.

கக்கூஸ் பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டீர்கள். இருக்கைக்கு அடியில் சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி. நிரம்பியதும் இழுத்து எடுத்து, அதற்கென்று கரையில் கட்டியிருக்கும் இடத்தில் கொண்டுபோய்க் கொட்டி, கழுவி மாட்ட வேண்டும். அந்த இலாகா வீட்டுக்காரருடையது. "படகு வேணும்னு கேட்டது யாரு?" என்ற ஒரே கேள்வியில் அது முடிவாகிவிட்டது.

இப்போது கரி அடுப்புக்கு வருகிறேன்.

படகுக்காரர் அடுப்பு மூட்டுவது பற்றி இரண்டு பக்கம் எழுதி லேமினேட் செய்து மாட்டிவிட்டுப் போயிருந்தார். நானும் வீட்டுக்காரரும் அதை வரிக்கு வரி படித்துச் செய்தோம். முதல் ராத்திரி இரண்டு மணிக்கே அணைந்துவிட்டது. காலையில் எழுந்தால் வாயிலிருந்து புகை மாதிரி மூச்சு. ஜன்னல்களில் தண்ணீர் கோடு கோடாக வழிகிறது. அத்தை கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்பு முன்னால் குத்தவைத்திருந்தார். "நீங்க உக்காருங்க" என்று நான் வாயெடுப்பதற்குள், "இது நம்ம உமி அடுப்பு மாதிரிதாம்மா. காத்து எங்கேருந்து வருதுன்னு பாத்துட்டா போதும்" என்றார்.

அன்று சாயங்காலம் அவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் கம்பியால் தட்டி அடிச்சாம்பலை இறக்கினார். பழைய கங்கை முன்பக்கம் இழுத்துவைத்தார். புகையில்லாக் கரி இங்கே முட்டை வடிவில் உருட்டி மூட்டையில் வரும். அதைக் கையால் ஒவ்வொன்றாகப் பின்பக்கம் அடுக்கினார், கொட்டவில்லை. நன்றாகப் பற்றி, நீல ஜ்வாலை வருகிறவரை கீழ்க்கதவைத் திறந்தே வைத்திருந்தார். பிறகு காற்றுத் துவாரத்தைத் திருகித் திருகி மூடிக்கொண்டே வந்து, "ஒரு நெல்லு நுழையிற சந்து போதும்" என்று நிறுத்தினார். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்தால் உள்ளே செக்கச்செவேலென்று இருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் கிளம்புகிறவரை அந்த அடுப்பு அணையவே இல்லை. லேமினேட் காகிதத்தை மகள் தன் ஜிக்சாவுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

இதற்கு மேல் அவரை யாரும் உட்கார வைக்க முடியவில்லை. வெந்நீர்த் தொட்டி இருக்கிற அலமாரிதான் படகிலேயே கதகதப்பான இடம் என்று கண்டுபிடித்து இட்லி மாவை அதற்குள் வைத்தார். இங்கிலாந்து வந்த பிறகு என் மாவு டிசம்பரில் பொங்கியதே இல்லை, அதில் பொங்கி வழிந்தது. அடுப்பு மேலேயே ரசம், அதன் ஓரத்தில் பால். பாத்திரம் கழுவ ஒரே பேசின் தண்ணீர், அந்தத் தண்ணீரிலேயே முதல் அலசல் முடிந்துவிடும். நான் பிள்ளைகளிடம் "தண்ணியை வீணாக்காதே" என்று நூறு முறை சொல்லியிருப்பேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. குழாயைத் திறந்துவைத்துப் பல் விளக்கிய பேரனிடம் ஒரு செம்பை நீட்டினார், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சொன்னதை நாங்கள் கேட்கவில்லை. பின்னறையில் குளிர்கிறது என்றதும், ஒரு சட்டியில் கங்கை அள்ளி வைத்துக்கொண்டு படுங்கள் என்றார். சாம்பல் வாளியையும் உள்ளேயே வைக்கச் சொன்னார். ஊரில் ஓட்டு வீட்டுக்கு ஆயிரம் சந்து, புகை தானாகப் போய்விடும். இது அடைத்த எஃகுப் பெட்டி. மங்கிய கங்கும் சூடான சாம்பலும் கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தூங்குகிறவர் எழ மாட்டார். படகுகளில் அதற்கான அலாரம் 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயம். வீட்டுக்காரர் அந்த அலாரத்தின் பட்டனை அமுக்கி, அது அலறுவதைக் கேட்க வைத்து, காரணத்தைச் சொன்னார். அத்தை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப தாளிக்கும்போது கத்துறது?" என்றார். அது வேறு அலாரம், புகைக்கு. கடுகு வெடிக்கிற போதெல்லாம் தவறாமல் கத்தியது.

லீவு பூராவும் ஒரே இடத்தில் கட்டிக்கிடக்கவில்லை. காஸ்குரோவிலிருந்து வடக்கே ஸ்டோக் புரூவர்ன் என்ற ஊர்வரை போனோம். சுமார் எட்டு கிலோமீட்டர் சமதளக் கால்வாய், பிறகு ஏழு லாக் ஏற்றம். கால்வாயில் வேக வரம்பு மணிக்கு நாலு மைல். கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது அதிலும் பாதி. கரையில் நாயோடு நடக்கிறவர் நம்மை முந்திவிட்டு, குட் மார்னிங் சொல்லிவிட்டுப் போவார். சுக்கானை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் திரும்பும், அதுவும் உடனே திரும்பாது. மூன்று எண்ணிவிட்டுத்தான் மூக்கு நகரும். என் மகனுக்கு அது சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. எங்களில் யாருக்கும் லைசென்ஸ் கிடையாது, கால்வாய்ப் படகு ஓட்ட இங்கே தேவையும் இல்லை.

லாக் என்றால் தண்ணீரில் படிக்கட்டு. படகைத் தொட்டிக்குள் விட்டு, பின்கதவைச் சாத்தி, மேல்பக்க மதகைத் தூக்கினால் தண்ணீர் இறங்கி நிரம்பும், படகு தானாக உயரும். மதகைத் தூக்க ‘எல்’ வடிவத்தில் ஒரு இரும்புக் கைப்பிடி, விண்ட்லஸ் என்பார்கள். பல்சக்கரத்தில் மாட்டிச் சுற்ற வேண்டும். சுற்றும்போது கைப்பிடியை விட்டுவிட்டால் அது வெறிபிடித்துச் சுழன்று மணிக்கட்டை உடைக்கும். கரைக்கல்லெல்லாம் உறைபனியில் வழுக்கும். ஆகையால் பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட், ஓடக்கூடாது என்ற கண்டிஷன். இரண்டு பக்கமும் தண்ணீர் சமமாகிறவரை கதவு அசையாது, பத்துப் பேர் தள்ளினாலும் நடக்காது. சமமான நொடியில் என் எட்டு வயது மகள் முதுகைக் கொடுத்துத் தள்ளினாள், அத்தனை பெரிய மரக்கதவு திறந்தது. அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அத்தை முன்தட்டில் நின்று இதையெல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நம்ம பாமணி ஆத்து மதகுல லஸ்கரு செய்யிற வேலைதானே. அவருக்கு கவர்மெண்டு சம்பளம், நீங்க காசு கொடுக்காம செய்யிறீங்க."

ஸ்டோக் புரூவர்ன் கால்வாய்க்காரர்களுக்கு முக்கியமான ஊர். பழைய தானிய மில் ஒன்றில் கால்வாய் மியூசியம் இருக்கிறது. அங்கேதான் இந்தப் படகுகளின் பழைய கதையைப் பிள்ளைகள் படித்துச் சொன்னார்கள். ரயில் வந்ததும் கால்வாய் வியாபாரத்தில் கூலி விழுந்தது. கரையில் வாடகைக்கு வீடும் வைத்துக்கொண்டு, படகில் கூலிக்கு ஆளும் வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகவில்லை. பெண்டாட்டி பிள்ளைகளையே படகில் ஏற்றிக்கொண்டார்கள். படகு முழுக்க நிலக்கரி, பின்கோடியில் சுமார் பத்தடி நீளம் ஏழடி அகலத்தில் ஒரு அறை. அதற்குள்தான் சமையல், படுக்கை, பிள்ளை வளர்ப்பு எல்லாம். ஒரு அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று வரம்பு கட்ட 1877ல் சட்டமே போட வேண்டியிருந்தது. ஓயாமல் நகர்ந்துகொண்டே இருந்ததால் பெரும்பாலான பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நிலைக்கவில்லை.

அத்தை கேட்ட முதல் கேள்வி: "பத்தடியிலயா? அப்ப பிரசவம்?"

அதற்கும் இந்த ஊரிலேயே பதில் இருந்தது. சிஸ்டர் மேரி வார்டு என்ற பெண்மணி இந்தத் துறையோரம் இருந்த தன் வீட்டிலிருந்தே படகுக் குடும்பங்களுக்கு வைத்தியம் பார்த்தவர். காயம், காய்ச்சல், பிள்ளைப்பேறு, எதுவானாலும் படகை அங்கே கொண்டுவந்து நிறுத்துவார்களாம். 1951ல் அவருக்கு அரசு பதக்கம் கொடுத்துக் கௌரவித்தது. அத்தை வெகுநேரம் அந்த அம்மாவைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஊரைத் தாண்டியதும் பிளிஸ்வொர்த் சுரங்கம். அதற்குள்ளும் போனோம். 1805ல் திறந்தது, நீளம் 2.8 கிலோமீட்டர். உள்ளே நடைபாதை கிடையாது, குதிரை போக முடியாது. அந்தக் காலத்தில் ஆட்கள் பலகையில் மல்லாக்கப் படுத்து, சுவரைக் காலால் உதைத்து உதைத்தே படகைக் கடத்தியிருக்கிறார்கள். இப்போது இன்ஜினில் போனாலும் அரைமணிக்கு மேல் ஆகிறது. மேலே காற்றுக்கு விட்ட கிணறுகளிலிருந்து பனித்தண்ணீர் பொத்பொத்தென்று தலையில் விழும். எதிரே இன்னொரு படகு வந்தால் இரண்டுக்கும் நடுவே கையளவு இடைவெளி. நாங்கள் வெளியே நடுங்கிக்கொண்டிருந்தபோது அத்தை உள்ளே லைட்டைப் போட்டுக்கொண்டு வற்றல்குழம்பு வைத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலை எழுந்தால் கால்வாய் உறைந்திருந்தது. எஃகுப் படகு, உடைத்துக்கொண்டு போகலாம். ஆனால் உடைந்த பனிப்பாளம் பக்கத்தில் கட்டியிருக்கும் ஃபைபர் படகுகளை மோதிக் கிழிக்கும், நம் படகின் தண்ணீர்மட்டத்துத் தார்ப்பூச்சையும் சுரண்டிவிடும். அவசரமில்லாதவர்கள் நகர மாட்டார்கள். நாங்களும் நகரவில்லை. அன்று முழுக்க ஐந்து பேரும் அடுப்பைச் சுற்றித்தான். இதெல்லாம் ஒன்றுமே இல்லை, 1962 பாக்ஸிங் டே (டிசம்பர் 26) சமயத்தில் பிடித்த குளிர் 1963 மார்ச் வரை விடவில்லையாம். கால்வாய்கள் கட்டியாக உறைந்து, சரக்குப் படகுக் குடும்பங்கள் வாரக்கணக்கில் நின்ற இடத்திலேயே மாட்டிக்கொண்டன. ஏற்கெனவே நலிந்திருந்த தொழில் அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை, சரக்கு லாரிக்குப் போய்விட்டது. இன்று இங்கிலாந்து, வேல்ஸில் சுமார் 2,000 மைல் நீர்வழியைக் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. அதில் மிதக்கும் சுமார் 35,000 படகுகளில் பெரும்பாலானவை குடியிருக்கவும் லீவு கழிக்கவும்தான்.

எல்லாம் இன்பமயம் என்று நினைத்துவிடாதீர்கள். துணி காயாது. ஜன்னலைத் தினமும் காலையில் துடைக்காவிட்டால் மெத்தை நனையும். சாப்பாட்டு மேசைதான் ராத்திரி அத்தைக்குக் கட்டில், அதனால் மகளின் ஜிக்சாவை வேளைக்கு வேளை கலைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் கண்ணீர். கடைசியில் வீட்டுக்காரர் ஒரு பிளைவுட் பலகையைத் தேடிப்பிடித்து, ஜிக்சாவை அப்படியே தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ள ஏற்பாடு செய்தார். சண்டை போட்டால் கோபித்துக்கொண்டு போய்ச் சாத்திக்கொள்ள ஒரு அறை கிடையாது. கோபத்தோடு அதே பெஞ்சில்தான் உட்கார வேண்டும். மகனுக்கு நெட் சிக்னல் பாதி நேரம் இல்லை. முதல் இரண்டு நாள் உலகமே முடிந்த மாதிரி இருந்தான். பிறகு சுக்கான் கையில் வந்துவிட்டது.

இந்த லீவில் நான் கண்டதைச் சொல்கிறேன். வீட்டில் பிள்ளைகளும் மாமியாரும் கிட்டத்தட்ட விருந்தாளிகள். வேலையெல்லாம் நானும் இவரும் மெஷின்களும் பார்த்துக்கொள்கிறோம். அதை அன்பு என்றும் மரியாதை என்றும் சொல்லிக்கொள்கிறோம். படகில் அப்படி யாரையும் வைத்துக்கொள்ள முடியாது. எட்டு வயதுக் குழந்தை கயிற்றைப் பிடிக்காவிட்டால் படகு கரையை விட்டு நகர்ந்துவிடும். எழுபதைத் தாண்டிய அம்மா அடுப்பைப் பார்க்காவிட்டால் எல்லோரும் விறைத்துப்போவோம். நம்மால் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று தெரிந்தால் ஒரு மனிதருக்கு உடம்பில் வரும் தெம்பு தனி. அத்தையிடம் அதைக் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் சின்னதாக ஒரு கேஸ் அடுப்பு வாங்கிச் சமையலறை ஓரத்தில் வைத்துவிட்டோம். "உக்காருங்க அத்தை" என்பதை நான் நிறுத்திவிட்டேன்.

இனி, ஆசைப்படுகிறவர்களுக்கு:

படகுள்ள நண்பர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, குளிர்காலத்திலும் வாடகைக்கு விடும் கம்பெனிகள் சில உண்டு. புக் செய்வதற்கு முன் டிரஸ்டின் இணையதளத்தில் அடைப்புப் பட்டியலைப் பாருங்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை லாக் ரிப்பேர் நடக்கும், வழி பாதியில் மூடியிருக்கும். கிறிஸ்துமஸை ஒட்டிப் பெரும்பாலானவற்றைத் திறந்துவிடுவார்கள்.

கரி, டீசல், கேஸ் மூன்றையும் படகிலேயே கொண்டுவந்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எந்த நாளில் எந்தப் பக்கம் வருகிறார்கள் என்று விசாரித்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஈரம் உறிஞ்சும் துணி நிறைய எடுத்துப் போங்கள். ரப்பர் அடிவைத்த பூட்ஸ் ஆளுக்கு ஒன்று. பூண்டு ஊறுகாய் இரண்டு பாட்டில்.

கடைசியாக, கிளம்புவதற்கு முன்பே யாருக்கு எந்த வேலை என்று உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள். பேசாமல் ஏறினால் கக்கூஸ் பெட்டி யார் தலையில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.